ஏழு கிடாயும் ஒரு ஐஸ் வண்டியும்

கறி வெட்டுவது ஒரு தொழில். வீட்டில் தானே வெட்டிப் பார்த்துக் கெடுத்தவர்களின் கறியைச் சரிசெய்து கொடுப்பது இன்னொரு தொழில். நான் இரண்டும் செய்கிறவன். முதலாவதில் கை வலிக்கும், இரண்டாவதில் தலை வலிக்கும். கத்தி பிடித்துப் பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஒரே ஒரு நாள் கத்தியை இரவல் வாங்கிப் பார்த்தவர்களுக்கும் தெரியும். அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள்.

கிணத்துக்கடவில் எனக்குக் கடை. ஞாயிற்றுக்கிழமை கடையில் வியாபாரம், மற்ற நாளில் தோட்டம் தோட்டமாகப் போய் ஆடு வெட்டிக் கொடுப்பது. கூட நாச்சிமுத்து. தலை சுடுவது, கால் சுடுவது, குடல் கழுவுவது அவர் வேலை. பேசுவதும் அவர் வேலை. எனக்குப் பேச்சு ஆகாது. எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

பெரிய வீட்டுப் போன்

பழனிச்சாமிக் கவுண்டர் வீட்டை எங்கள் பக்கம் பெரிய வீடு என்பார்கள். தென்னந்தோப்பு, கயிறு மில், ஒரு பட்டாளம் பங்காளிகள். அவர்கள் குலதெய்வம் கோயிலில் கிடாய் விருந்து என்றால் தலையை எடுப்பது அவர்கள் ஆள். அதற்குப் பிறகு தோல், குடல், துண்டு என்று கறி அண்டாவில் விழும்வரை என் பொறுப்பு. நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்த வீடு யாரைக் கூப்பிடுகிறதோ அவரைத்தான் அத்தனை பங்காளி வீடும் கூப்பிடும். அந்த வீடு கைவிட்டால் எனக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமைக் கடையும் நாச்சிமுத்துவின் பேச்சும்தான்.

மகன் வழிப் பேத்திக்குக் காதுகுத்து. ஏழு கிடாய் நேர்ந்து விட்டிருந்தார்கள். நான் கத்தியெல்லாம் சாணை பிடித்து வைத்திருந்தேன். கவுண்டரிடமிருந்து போன் வந்தது. நல்ல மனுசர், அதனால் சுற்றி வளைத்தார். மழை, தேங்காய் விலை, என் முழங்கால் என்று எல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "ஏனுங்க பாய், தப்பா நெனைச்சுக்காதீங்க. என்ற மாப்பிள்ளை கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியப் புடிச்சிருக்காருங்க. அவங்களே உரிச்சு, சுத்தம் பண்ணி, அளவாத் துண்டு போட்டு, ஐஸ் வண்டில வெச்சுக் குடுத்துப்போடுவாங்களாமா."

சரிங்க என்றேன். வேறென்ன சொல்வது? நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவர் குடலைக் கழுவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "நம்மள உட்டுப்போட்டுப் போனவங்க அத்தனை பேரும் திரும்பி வந்திருக்காங்க பாய். ஆனா ஒருத்தரும் ஐஸ் வண்டி புடிச்சுட்டுப் போகலை."

வெல்டிங் வாசம்

அவர் சொன்னது சரி. எல்லோரும் திரும்பி வந்திருக்கிறார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒருவர், லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். தீபாவளிக்கு நாலு வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கினார்கள். வெட்டிக் கூறு போட வழக்கமாக என்னைக் கூப்பிடுவார்கள். கூறு என்றால் வீட்டுக்கு ஒரு குவியல். ஈரல், நெஞ்சு, தொடை, குடல் என்று எல்லாக் குவியலிலும் எல்லாமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீபாவளி நோம்பி அன்றைக்கே நாலு வீடும் நாலு திசை. அந்த வருசம் அவர், "இரும்பையே அறுக்கறோம், இதென்ன எலும்பு" என்று தானே இறங்கிவிட்டார். தோலை நன்றாகவே உரித்திருந்தார், குறை சொல்ல மாட்டேன். எலும்புக்கு வந்தபோது கத்தியை வைத்துவிட்டு, பட்டறையில் கம்பி அறுக்கிற கட்டிங் மெஷினை எடுத்திருக்கிறார்.

துண்டு அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் சக்கரம் சுற்றிய சூட்டில் எலும்பு கருகி, அந்தத் தூள் கறி முழுக்க அப்பிக் கிடந்தது. நான் போனபோது நாலு வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு குண்டாவோடு நின்றார்கள். ஒவ்வொரு துண்டாக எடுத்து ஓரம் சீவினேன். பாதிப் பொழுது அதிலேயே போயிற்று. பட்டறைக்காரர் வீட்டு அம்மா மட்டும் முதலிலேயே கொஞ்சம் அள்ளிக்கொண்டு போய்க் குழம்பு வைத்திருந்தார். கரண்டியை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "மசாலெல்லாம் சரியாத்தான் போட்டனுங்க பாய். ஆனாக் கொழம்புல வெல்டிங் வாசம் அடிக்குதுங்க."

எருமைக்கு இரண்டு பக்கம்

ஆடாவது பரவாயில்லை. நாலு பேர் தூக்கி மரத்தில் மாட்டிவிடலாம். எருமை அப்படி இல்லை. பக்ரீதுக்கு எங்கள் ஆட்கள் ஏழு பங்காகச் சேர்ந்து எருமை குர்பானி கொடுப்பது உண்டு. காஜா என்று எனக்கு மருமகன் முறை வருகிறவன், போர்வெல் மோட்டார் கழற்றி மாட்டுகிறவன். "ஏழு ஆம்பளைங்க இருக்கோம், வெளியாளுக்கு எதுக்குக் கூலி" என்று தன் தோட்டத்திலேயே வைத்துக்கொண்டான். முறைப்படி அறுத்தாயிற்று. மேல்பக்கத் தோலை உரித்தாயிற்று. அப்புறம்தான் எருமைக்குக் கீழ்ப்பக்கம் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்திருக்கிறது. ஏழு பேரும் பிடித்து இழுத்தார்கள். அசையவில்லை. உரித்த பக்கத்தில் மண் படக்கூடாது, வெயில் ஏறுகிறது, வயிறு ஊதிக்கொண்டே வருகிறது.

என்னைக் கூப்பிட்டார்கள். போனதும் நான் முதலில் எருமையைப் பார்க்கவில்லை. காஜாவின் டெம்போவைப் பார்த்தேன். மோட்டார் தூக்குகிற முக்காலிக் கம்பமும் செயின் பிளாக்கும் அதிலேயே கிடந்தன. "அது எதுக்குடா வெச்சிருக்கே?" என்றேன். அவன் டெம்போவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஓடினான். அவன் கம்பம் நட்டு, சங்கிலி மாட்டி, எருமையைத் தூக்கிய வேகத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. தொங்கவிட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. தோல் தானாக வழியும், குடல் தானாக இறங்கும். மதியத் தொழுகைக்கு முன்னால் ஏழு பங்கும் தயார். இப்போது பெரிய உருப்படி என்றால் நானும் அந்தச் செயின் பிளாக்கைத்தான் கேட்டு வாங்குகிறேன். அன்றைக்குக் காஜா சங்கிலியைத் துடைத்துக்கொண்டே சொன்னது இது: "பூமிக்கு அடியில கண்ணுக்கே தெரியாத மோட்டாரை எடுத்துப்போடுவேன் மாமா. கண்ணு முன்னால கெடக்கறதை எடுக்கத்தான் தெரியலை."

கடைசித் தீனி

பொள்ளாச்சி ரோட்டில் தோட்டம் வாங்கிக் குடி வந்தவர் ஒருவர். குட்டியிலிருந்து வளர்த்த கிடாய். மகன் கல்யாண விருந்துக்கு அதைத் தானே வெட்ட வேண்டும் என்று ஆசை. வெட்டுகிற ஆட்டுக்கு முந்தின நாள் தண்ணீர் மட்டும்தான் காட்டுவோம், தீனி கிடையாது. இவருக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்குப் போகிற ஜீவன் வயிறார ஒருவேளை தின்னட்டும் என்று சோளத்தட்டு, பிண்ணாக்கு, கடலைக்கொடி, மேலே ஒரு சீப்பு வாழைப்பழம்.

காலையில் ஆட்டின் வயிறு தவில் மாதிரி இருந்திருக்கிறது. தோலை உரிக்கிற அவசரத்தில் கத்தி நுனி உள்ளே இறங்கிவிட்டது. நான் போனபோது கறி ஒரு பக்கம், கல்யாண வீட்டுப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பக்கம், அவர் தலையிலிருந்து கால்வரை நனைந்து நடுவில். கெட்டதை வெட்டி எறிந்து, நல்லதைப் பிரித்தெடுத்துக் கொடுத்தேன். முக்கால்வாசி தேறியது. அவர் கோபப்படவில்லை. கிணற்றுமேட்டில் குளித்துவிட்டு வந்து சாந்தமாகச் சொன்னார்: "நான் போட்ட தீனிய எனக்கே திருப்பிக் குடுத்துருச்சுங்க பாய். கணக்குத் தீந்துபோச்சு."

நாச்சிமுத்து பார்த்துவிட்டு வந்தது

இத்தனை பேரையும் பார்த்தவன் என்பதால் பெரிய வீட்டை நினைத்து முதலில் நான் அலட்டிக்கொள்ளவில்லை. நாச்சிமுத்துவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அந்தக் கம்பெனி எப்படித்தான் இருக்குதுன்னு ஒருக்காப் பாத்துட்டு வாரேனுங்க" என்று கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார். ஒரு விருந்துக்கு விலை கேட்கிற மாதிரி உள்ளே போய், எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் திரும்பி வந்தவர் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் ஏதோ கோளாறு.

நானே கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். தரை கண்ணாடியாட்ட இருக்கிறது. தலைக்கு உறை, கைக்கு உறை, காலுக்கு முழங்கால் வரை பூட்ஸ். மேடையெல்லாம் எவர்சில்வர். உரித்த ஆடு கம்பியில் வரிசையாகத் தொங்கி நகர்ந்து வருகிறது. ஒரு ஈ இல்லை. "வெட்டறது?" என்றேன். வெட்டறதும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கோணலாக வெட்டுகிறான், அழுக்காக வைத்திருக்கிறான் என்றால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நன்றாக வெட்டுகிறவனிடம் போன வீடு எதற்குத் திரும்பி வரப்போகிறது? "குத்தம் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றேன். நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க பாய். அத்தனை நேரம் நின்னேன், ஒரு டீ குடிக்கறீங்களான்னு ஒருத்தன் கேக்கலை."

எல்லைக்கல்

காதுகுத்து அன்றைக்கு வேலை ஏதும் இல்லை. ஆனாலும் விடிந்ததும் கடையைத் திறந்து உட்கார்ந்துகொண்டேன். நாச்சிமுத்துவும் வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டார். வெயில் ஏறுவதற்குள் கவுண்டர் போன் செய்தார். இந்த முறை மழையும் இல்லை, தேங்காயும் இல்லை. "பாய், எங்கிருக்கறீங்க?"

நடந்தது இதுதான். அந்தக் கோயிலில் நேர்ந்து விட்ட கிடாயின் கறி கோயில் எல்லையைத் தாண்டக்கூடாது. அங்கேயே ஆக்கி, அங்கேயே தின்று, மிஞ்சினால் அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வர வேண்டும். பச்சைக்கறிக்கும் அதுதான், குழம்புக்கும் அதுதான். ஆனால் மாப்பிள்ளையின் குலதெய்வம் வேறு. கோபி பக்கத்துக் கோயில். அங்கே கறியைத் தூக்குப் போசியில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், வராத ஒறம்பரைக்கும், அதாவது சொந்தபந்தத்துக்கும், கொடுத்துவிடுவார்கள். அதனால் அவர் கம்பெனியிடம், தலை எடுத்த கிடாயைக் கோயமுத்தூருக்கு எடுத்துப்போய்த் துண்டு போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள் என்று பேசியிருக்கிறார். கம்பெனி கோயிலுக்கே வந்துதான் துண்டு போடும் என்று கவுண்டர் நினைத்திருக்கிறார். குலதெய்வ முறையை யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். அவரவர் கோயில் முறைதான் உலகத்து முறை. தீர்த்தம் தெளித்து, ஏழு கிடாயும் தலையாட்டி, ஏழின் தலையையும் எடுத்தாயிற்று. ஐஸ் வண்டி பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றது. பூசாரி எல்லைக்கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு, "வண்டி தாராளமாப் போகலாமுங்க, கறி போகாது" என்று சொல்லிவிட்டார்.

பங்காளிகள் சும்மா இருப்பார்களா? "இதென்ன பெரிய வேலை, நாமளே வெட்டிக்கலாம்" என்று ஆளுக்கொரு அருவாளை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். முதல் கிடாயில் பித்தப்பை உடைந்தது. இரண்டாவதில் தோலில் பட்ட கை கறியில் பட்டு, கறியெல்லாம் மயிர். மூன்றாவதைத் தொடுவதற்கு முன் கவுண்டர் போனை எடுத்துவிட்டார். பார்க்கிறேனுங்க என்று போனை வைத்தேன். எனக்கும் ரோசம் உண்டு. வேண்டாம் என்று அனுப்பிய இடம். நாச்சிமுத்து அதற்குள் கத்திப் பையை எடுத்துத் தோளில் போட்டு, மொபெட்டை உதைத்துவிட்டார். "ஏறுங்க பாய். போலாமா வேண்டாமான்னு போயிட்டே ரோசிக்கலாம்."

அருவாளைக் கீழே வையுங்கள்

கோயில் வேப்பமரத்தடியில் ஏழும் கிடந்தன. கூரைப் பந்தலில் ஒறம்பரை வந்து உட்கார ஆரம்பித்துவிட்டது. சமையல்காரர் வெங்காயத்தை வதக்கி வைத்துவிட்டு, அண்டாவுக்குப் பக்கத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். பேத்தியைக் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும், தாய்மாமன் கையில் அருவாள். கவுண்டர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பொறவு பேசிக்கலாமுங்க" என்றேன். எல்லோரும் அருவாளைக் கீழே வைக்கச் சொன்னேன். வைத்தார்கள்.

உரிக்காமல் கிடக்கிற ஐந்துதான் முதல் அவசரம். குடலை இறக்காமல் கிடந்தால் வெயிலில் கறி வீணாகிவிடும். ஐந்தையும் மரத்தில் மாட்டச் சொன்னேன். பங்காளிகளில் தென்னை ஏறத் தெரிந்தவர் இருந்தார், கயிறு வேகமாக ஏறியது. நான் வயிற்றைக் கீறிக்கொண்டே போனேன், நாச்சிமுத்து குடலை ஏந்திக்கொண்டே வந்தார். பித்தம் பட்ட கறியைத் தண்ணீர் விட்டுக் கழுவி வைத்திருந்தார்கள். கழுவினால் கசப்பு இன்னும் பரவும். பட்ட இடத்தோடு சேர்த்து வெட்டி, எல்லைக்கு உள்ளேயே குழி தோண்டிப் புதைக்கச் சொன்னேன். மயிர்க்கறியை யாரிடம் கொடுப்பது என்று பார்த்தேன். மாப்பிள்ளை ஓரமாக நின்றார். பட்டு வேட்டி, முகத்தில் ஈயாடவில்லை. ஈரத்துணியைக் கையில் கொடுத்து, தேய்க்காமல் ஒரே பக்கமாக ஒற்றி ஒற்றி எடுக்கச் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. ஒரு மயிர் மிஞ்சவில்லை. நானே சோதித்தேன், நல்ல கை. ஒருதரம் மட்டும் தலை நிமிர்ந்தார். "கறி எங்க போகக்கூடாதுன்னு இங்க அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்குதுங்க பாய். அதை எங்கிட்டச் சொல்லோணும்னு ஒருத்தருக்கும் தெரியலை."

கோபிக்காரர்

கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் டிரைவர். இன்னொருவர் வெட்டுகிறவர், கோபிசெட்டிபாளையத்துக்காரர், நடுவயது. வண்டியில் குளிர் இருக்கிறது, மெஷின் இல்லை. மெஷின் இருந்தாலும் கோயிலில் அதற்குக் கரண்ட் இல்லை. கொஞ்சநேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் இறங்கி வந்தார். "நானும் ஒரு கை புடிக்கட்டுங்களா?" என்றார். எனக்கு ஆள் பற்றாது. ஆனாலும் அவர் கத்தியை முதலில் வாங்கிப் பார்த்தேன். என் உள்ளங்கை நீளம்தான் இருக்கும், சவரம் செய்யலாம். புளியங்கட்டையில் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்தேன்.

நான் வெட்டுக்கத்தியை ஓங்கிப் போடுகிற ஆள். அவர் ஓங்கவே இல்லை. மூட்டு எங்கே என்று விரலால் தடவி, நுனியை விட்டு ஒரு திருகு. தொடை தனியாக வந்துவிழுகிறது. எலும்புச் சில்லே இல்லை. நான் என் கட்டையில் வேகத்தைக் கூட்டினேன். அவரும் கூட்டினார். பங்காளிகள் வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பாய்க்கு மூச்சு வாங்குதுடோய்" என்றான் ஒருவன். "கோபி முந்துது" என்றான் இன்னொருவன். முந்தினது உண்மை, தொடையில் அவர் முந்தினார். நெஞ்செலும்பில் நான் முந்தினேன். அங்கே திருக முடியாது, போட்டுத்தான் ஆக வேண்டும். நடுவில் அவர் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனிக்கு வெளியே கத்தி எடுக்கக்கூடாது என்று அவர்களுக்குச் சட்டம். கை கழுவாமலே இரண்டு விரலால் போனை எடுத்து அணைத்தார். யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டேன். வெட்டிக்கொண்டே சொன்னார்: "எங்கப்பாவுக்கும் கட்டைதானுங்க பாய். கம்பெனில உறை போட்டுட்டு நிக்கறப்ப அது மறந்துபோச்சோன்னு ஒரு பயம் இருந்துச்சு. இன்னைக்குப் பாத்துக்கிட்டேன்."

பரிமாறியது

ஏழு கிடாயில் அரைக் கிடாய்க்குமேல் வீண் போகவில்லை. கடைசிக் கூடையை அண்டாவில் கொட்டிவிட்டுச் சமையல்காரர் துடுப்பைப் போட்டார். தாய்மாமன் கையைக் கழுவிக்கொண்டு ஓடினார், காது குத்தியாயிற்று, குழந்தை அழுத சத்தம் கேட்டது. உச்சி சாய்வதற்குள் முதல் பந்தி இலையில். ஒறம்பரை ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தாமதம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. கம்பெனிக்காரரையும் டிரைவரையும் கவுண்டரே கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைத்தார்.

நான் மரத்தடியில் உட்கார்ந்து கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோயில் கிடாய் நான் சாப்பிடுவதில்லை. எங்கள் முறையில் அறுத்தது அல்ல. இத்தனை வருசமும் நான் வெட்டிய அந்த விருந்தின் ருசி எனக்குத் தெரியாது. அதில் எனக்கும் வருத்தமில்லை, அவர்களுக்கும் வருத்தமில்லை. கவுண்டர் வீட்டு அம்மா ஒரு தூக்குப் போசியும் வாழையிலையும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். திறந்தால் எங்கள் பக்கத்து அரிசியும் பருப்பும் சோறு, மேலே நெய். வருசா வருசம் எனக்கென்று வீட்டிலிருந்து தனியாக ஆக்கிக் கொண்டுவருவது. இந்த வருசம் நான் வருவதாகவே இல்லையே. போசியைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலைப் பார்த்தபடி சொன்னார்: "விடியக்காலைல கை பாட்டுக்கு உலை வெச்சுப்போட்டுதுங்க பாய். ஆக்குனதுக்கப்புறந்தான் நீங்க வரலைங்கறதே ரோசனை வந்துச்சு. சூடு ஆறிப்போச்சு, தின்னுங்க."

அடுத்த வருசம்

பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கவுண்டரும் மாப்பிள்ளையும் கடைக்கு வந்தார்கள். நாச்சிமுத்து டீ சொல்ல ஓடினார். எனக்குத் தெரியும், பெரிய வீடு திரும்பி வந்துவிட்டது. நான் முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டேன். வந்த சந்தோசத்தைக் காட்டினால் அடுத்த தடவை மறுபடி போவார்கள். பங்காளி வீடு ஒன்றில் அடுத்த வருசம் மொட்டையடித்துக் காதுகுத்து, ஒன்பது கிடாய் என்றார் கவுண்டர். கம்பெனி வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்களாம். நான் தலையை ஆட்டினேன்.

கவுண்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை என் வெட்டுக்கத்தியைப் பார்த்தார். அன்றைக்கு அருவாளைக் கீழே வைத்த பங்காளிகள் அத்தனை பேரும் ஊர் முழுக்க, "அந்தத் தொடை நான் புடிச்சது, அந்த ஈரல் நான் எடுத்தது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். மாப்பிள்ளை புதுசாகக் கத்தியே வாங்கிவிட்டார், அதுவும் கோபிக்காரர் வைத்திருந்த மாதிரி உள்ளங்கை நீளத்தில். இனிமேல் ஒன்பது கிடாயையும் அவர்களே வெட்டுவார்களாம். பாய் கத்தியைத் தொட வேண்டாம், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்கே கீறுவது, எங்கே நிறுத்துவது என்று சொன்னால் போதுமாம். கூலி எப்போதும்போல். அந்த வீடும் மற்ற வீடுகளும் என்றைக்கும் என்னுடையவைதானாம். அவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். நாச்சிமுத்து காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க பாய், இப்ப ஊடு நமக்குக் கெடைச்சுதா, போச்சா?"

கத்தி பிடித்துக் கை வலித்தது எனக்கு ஒரு நாளும் பெரிதாகத் தெரிந்ததில்லை, ஒன்பது கிடாயை அவர்கள் வெட்டுகிறபோது மடியில் சும்மா கிடக்கப்போகிற கைதான் இப்போதே நோகிறது.